தாத்தா தண்ணிப்பழத்தைச் சுண்டிப் பார்ப்பாரே, அந்தக் கணக்கு யாருக்காவது தெரியுமா?

வரப்போரம்:

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. ஒருபோகம்தான். பெரியாத்துத் தண்ணி வந்தால் நெல், தையில் அறுப்பு முடிந்து வாய்க்கால் வற்றிவிட்டால் வயல் சும்மா கிடக்கும். கிணற்றில் தண்ணி நிற்கிற வருஷம் மட்டும் தாத்தா கிணற்றை ஒட்டின அரைக் குறுக்கத்தில் தண்ணிப்பழம் போடுவார்.

விதை அப்பத்தா பொறுப்பு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைக்கோல் படப்புக்குள் செருகி வைக்கும். மூன்றாம் நாள் பிரித்தால் ஒவ்வொரு விதையும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருக்கும், அதைத்தான் குழிக்கு நாலாக ஊன்றுவோம். காய் பிடித்த பிறகு எனக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே வேலை, ஒவ்வொரு காய்க்கு அடியிலும் வைக்கோல் வைப்பது. ஈரமண்ணில் கிடந்தால் அடி அழுகிவிடும்.

பங்குனி கடைசியில் தாத்தா வயலுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து, இடது கையை காயின் மேல் வைத்துக்கொண்டு வலது கை நடுவிரலால் சுண்டுவார். சில காயைத் தொட்டதுமே விட்டுவிடுவார், சிலதை ரெண்டு மூன்று தடவை சுண்டிக் காதைக் கிட்டக் கொண்டுபோவார். அவர் அறுத்த பழம் ஒன்றுகூட வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை. முதல் பழம் கருப்பருக்கு. அடுத்தது எங்களுக்கு, ஆனால் உடனே வெட்ட விடமாட்டார், கோணிச் சாக்கில் போட்டுக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார். அது முங்காது. சாக்கோடு சேர்ந்து மிதந்துகொண்டே சுற்றும், நாங்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

திண்ணையில் வைத்துக் கத்தியை இறக்கினால் பாதி போவதற்குள் பழம் படபடவென்று தானாக விரிந்துகொண்டு ஓடும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் கை நீட்டுமுன்னே அப்பத்தா ஒரு பாதியைத் தாம்பாளத்தில் தனியாக எடுத்து வைத்துவிடும். அது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. பழம் சின்னதாக இருந்தாலும் பாதி பாதிதான்.

தாத்தா 2009-ல் போய்ச்சேர்ந்தார். சுண்டினால் என்ன கேட்கும் என்று அவரிடம் நான் கடைசிவரை கேட்கவே இல்லை. இப்போது திருநகரில் இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் காலியாக இருக்கிறது, எட்டு வயது மகள் தண்ணிப்பழம் போடலாம் என்கிறாள். உங்கள் பெரியவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? அப்புறம், உங்கள் வீடுகளில் பழத்தை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்றும் சொல்லுங்கள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கொடிக்கால்:

தம்பி, வாடிப்பட்டிப் பக்கம், நாங்கள் இன்னும் போடுகிறோம். சுண்டினால் காய் 'டிங்' என்று கணீரென்று கேட்கும், பழம் 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும். அதை மட்டும் நம்பி உங்கள் தாத்தா அறுத்திருக்க மாட்டார், கண்ணும் சேர்ந்து வேலை செய்திருக்கும். காம்புக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு பற்றுக்கம்பி இருக்குமே, அது காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். காய் மண்ணில் படிந்து கிடந்த இடம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். இந்த ரெண்டும் இருந்து சத்தமும் சரியாக இருந்தால் அறுக்கலாம். அவசரப்பட்டு அறுத்தால் போச்சு, மாம்பழம் மாதிரி வீட்டில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது.

ஒரு சென்ட்டில் ஏழெட்டுக் குழி போதும், கொடி நன்றாக ஓடும். முதலில் பூக்கிறதெல்லாம் ஆண் பூ, அது உதிர்ந்தால் பாப்பா பயப்பட வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ வராத இடமாக இருந்தால் காலையில் பூ விரிந்ததும் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். அந்த வேலையை பாப்பாவிடமே கொடுங்கள். ஊன்றினதிலிருந்து 75 முதல் 90 நாளில் பழம். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் தண்ணியைக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பழம் வெடிக்கும், இனிப்பும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 கோடையில் பழத்துக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவியதே, அந்த வருஷம் எங்கள் பழத்தைக் கிலோ 3 ரூபாய்க்குக் கேட்டார்கள். அறுப்புக் கூலிக்குக்கூட ஆகாது. பழத்தில் ஊசி ஏறினால் அந்த ஓட்டை வழியாக ரெண்டு மூன்று நாளில் அழுகி நாறிவிடும், எந்த விவசாயி அதைச் செய்வான்? அந்தச் சிவப்பு லைகோபீன், தக்காளியில் இருக்கிற அதே சத்து. பாதிப் பழத்தை மாட்டுக்கு விட்டோம், மீதியை என் மனைவி டிராக்டரில் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தாள். "தூக்கி எறிஞ்ச பழம்னு இருக்கக் கூடாது, குடுத்த பழம்னு இருக்கட்டும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

நெல்பேட்டை:

அண்ணே, எங்களுக்கு வயலெல்லாம் கிடையாது, ஆனால் பங்கு வைப்பது என்றால் நோன்புதான் ஞாபகம் வருகிறது. கோடையில் நோன்பு வந்தால் அத்தா சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு சிம்மக்கல் போய் ஒரு பெரிய பழமாகத் தூக்கி வருவார். அம்மா அதைத் தோல் சீவிக் கட்டம் கட்டமாக நறுக்கி, ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டு மூடி வைப்பார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணி, அடுத்து இதுதான். கஞ்சிக்கு முன்னால். பகல் முழுக்கக் காய்ந்த நாக்கில் அந்த முதல் துண்டு படுகிறபோது கண் தானாக மூடிக்கொள்ளும்.

2022-ல் நோன்பும் சித்திரைத் திருவிழாவும் ஒரே ஏப்ரலில் வந்தது. கொரோனாவால் ரெண்டு வருஷம் ஜனமே இல்லாமல் நடந்த திருவிழா, அந்த வருஷம்தான் ஊரே ஆற்றில் இருந்தது. அழகரைப் பார்த்துவிட்டு வெயிலில் வந்தவர்களுக்கு எங்கள் தெருமுனையில் பழம் வெட்டிக் கொடுத்தோம், வெட்டின நாங்கள் அத்தனை பேரும் நோன்பு. கையெல்லாம் முழங்கை வரை சாறு வடிந்தது. அழகர் வேஷம் போட்டிருந்த ஒரு பெரியவர் ஒரு கீத்தை வாங்கிக்கொண்டு, "நீ சாப்பிடலையாப்பா" என்றார். நோன்பு என்றதும் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

செல்லூர்_மதினி:

எங்கள் அம்மாச்சி பழத்தைச் சிவப்பு தீர்ந்ததும் விடாது. பச்சைத் தோலை மட்டும் சீவி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கிற வெள்ளைச் சதையைச் சுரைக்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கி, பாசிப்பருப்பு போட்டு, தேங்காய் சீரகம் பச்சைமிளகாய் அரைத்துவிட்டுக் கூட்டு வைக்கும். சுரைக்காயைவிட நன்றாக இருக்கும், நம்புங்கள். விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பாதியை அடுத்த வருஷத்துக்கு முடிந்து வைத்துவிட்டு மீதியை வெறும் சட்டியில் வறுத்துக் கொடுக்கும். பல்லால் உடைத்து உள்பருப்பை எடுத்துத் தின்பதற்குள் ஒரு மத்தியானம் போய்விடும்.

கொடிக்கால்:

மதினி சொன்ன விதை விஷயத்தில் ஒன்று. இப்போது கடைப்பழம் பெரும்பாலும் ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்), அதன் விதையை ஊன்றினால் முளைக்கும், ஆனால் தாய்ப்பழம் மாதிரியே வராது. தம்பி, சுகர் பேபியோ பெரியகுளம் பி.கே.எம். 1 ரகமோ கிடைத்தால் வாங்குங்கள். அதிலும் பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் மகரந்தம் கலந்துவிடும், தனியாக இருந்தால் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வரப்போரம்:

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதிலையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், நெல்பேட்டைத் தம்பி எழுதினதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். சாயங்காலம் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி அடியில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்து, சுண்டி, காதை வைத்துக் கேட்டு அவளே ஒன்றை எடுத்தாள். நல்ல சிவப்பு. வெட்டினதும் பாதியை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள், நான் சொல்லவில்லை.

சுகர் பேபி விதை வாங்கியாகிவிட்டது. என் பழைய வேட்டியைக் கிழித்து முடிந்து வைத்திருக்கிறோம், வைக்கோல் கிடைக்காததால் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். இன்று இரண்டாம் நாள். மூக்கு வந்துவிட்டதா என்று அரைமணிக்கு ஒருதரம் வந்து கேட்கிறாள்.