3500 கிலோ இழுக்கும் வண்டி எடுக்கலாமா? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

புதிதாய்_வந்தவன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வேலையிடத்தில் ஓய்வுபெற்றுப் போகும் ஒருவர் தன் மீன்பிடி படகை டிரெய்லரோடு எனக்கே கொடுத்துவிட்டார். ஒரு காசு வாங்கவில்லை. கடற்கரை மணலில் ஓட்ட, படகு இழுக்க, மீன்பிடிக்கப் போக எல்லாவற்றுக்கும் ஃபோர் வீல் டிரைவ்தான் சரி என்கிறார்கள். இன்று சாயங்காலம் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் 2012 லேண்ட்குரூசர் 200 பார்த்தேன். 2,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, விலை 52,000 டாலர். "இது 3500 கிலோ இழுக்கும், இதைவிடக் குறைந்த வண்டியில் படகு இழுப்பது ஆபத்து" என்று விற்பவர் சொன்னார். இன்னொருவர் காலையில் பார்க்க வருகிறார் என்றதும் கையெழுத்துப் போட்டு 1000 டாலர் டெபாசிட்டும் கட்டிவிட்டேன். மீதி முழுக்கக் கடன். வீட்டுக்கு வந்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. 200 நல்ல வண்டிதானே? எடுக்கலாமா?

பெர்த்_கிழங்கான்:

தம்பி, தயங்காமல் எடுங்கள். 4.5 லிட்டர் வி8 டீசல், இரண்டு டேங்கும் சேர்த்து 138 லிட்டர் பிடிக்கும், பாலைவனத்தைத் தாண்டிப் போகலாம். நான் 2014இல் வந்தபோது முதல் ஏழு மாதம் பஸ்தான். இரவு ஷிஃப்ட் முடித்து அதிகாலை ஸ்டாப்பில் நிற்பேன், படகு இழுத்துக்கொண்டு வண்டிகள் வரிசையாகக் கடற்கரைப் பக்கம் போகும். அன்றைக்கே மனத்தில் போட்டுவைத்தேன். இப்போது மாதம் ஒரு தடவையாவது லான்சலின் பக்கம் போகிறோம். இங்கே வைட்டிங் என்று விற்பது நம் கிழங்கான் இனம்தான். மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பொரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கரையில் நின்று தூண்டில் போட லைசென்ஸும் வேண்டாம்.

மெல்பர்ன்_மேற்கு:

லைசென்ஸ் வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். விக்டோரியாவில் கரையில் நின்றாலும் வேண்டும். தம்பி, ஐந்து மாதத்தில் ஐம்பதாயிரம் கடன் என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் பில்லுக்குப் பயந்து நாலு பேர் ஒரே அறையில் படுத்தோம். ஒரு பழைய கொரோலாவை வாங்கி இரண்டு வருடம் ஓட்டுங்கள், படகு எங்கேயும் ஓடிவிடாது.

யாழ்_அண்ணை:

தம்பி, லேண்ட்குரூசரை விடும். டிமேக்ஸ் யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள வாகனம்) எடும். அதுவும் 3500 இழுக்கும், பின்னால் தட்டில் ஐஸ் பெட்டி, தூண்டில், வலை எல்லாம் போடலாம், மீன் நாற்றம் வாகனத்துக்குள் வராது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பழைய டிமேக்ஸ், ஹைலக்ஸ் எல்லாம் ஈரமில்லாத தார் ரோட்டில் டூ வீலில்தான் ஓட வேண்டும். ஃபோர் வீலில் போட்டு இறுக்கித் திருப்பினால் கியர்ப் பகுதி முறுகிச் சேதமாகும். எனக்கு ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீர் சொல்லவில்லையே? ஏழு வயது வரைக்கும் குழந்தை சீட் கட்டாயம். யூட்டின் பின்சீட்டில் மேல்வாரைக் கொளுவ இடம் கொஞ்சம் சிரமம், வாங்கும் முன் சீட்டைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாரும்.

தூத்துக்குடிக்காரன்:

இவ்வளவு பெரிய வண்டியே எதற்கு? நான் சுபாரு ஃபாரஸ்டர் காரில் ஸ்டாக்டன் பீச் போய் வந்திருக்கிறேன். டயர் காற்றை இறக்கினால் போதும்.

பெர்த்_கிழங்கான்:

கெட்டியான ஈர மணலில் போயிருப்பீர்கள். இளகிய மணலில் ஃபாரஸ்டரின் வயிறு தரையில் உட்கார்ந்துவிடும். இப்போதைய ஃபாரஸ்டர்களில் லோ ரேஞ்சும் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) கிடையாது. புதிதாக வந்த பையனுக்கு இந்த யோசனை வேண்டாம்.

புதிதாய்_வந்தவன்:

மன்னிக்கவும், ஊர் சொல்ல மறந்துவிட்டேன். பிரிஸ்பேன். ஒரே மகள், மூன்று வயது. இன்சூரன்ஸ் கேட்டுப் பார்த்தேன், ஊர் லைசென்ஸ் என்றதும் தொகை மளமளவென்று ஏறுகிறது.

மெல்பர்ன்_மேற்கு:

அதைக் கேட்காதீர்கள். பதினைந்து வருடம் ஊரில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன் நான். இங்கே வந்த அன்று பிறந்த குழந்தை மாதிரிதான் நடத்தினார்கள். வேலைக்குப் போனால் உள்ளூர் அனுபவம், வீடு கேட்டால் உள்ளூர் வாடகைச் சான்று. முதல்முறை எங்கிருந்து கொண்டுவருவது?

யாழ்_அண்ணை:

எங்கள் காலத்தில் இதைவிட மோசம். நான் முதல் வாங்கிய வாகனம் தனியார் ஒருவரிடம், காசைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கடன் கொடுத்த கம்பனிக்காரர் வந்து வாசலில் நின்று தூக்கிக்கொண்டு போனார்கள். விற்றவன் கடனைக் கட்டவேயில்லை. விடிய வேலைக்குப் போக வழியில்லை, மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. இப்பவும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

தூத்துக்குடிக்காரன்:

வாடகை மட்டும் என்ன? வாரத்துக்கு வாரம் கொடுப்பதை மாதக் கணக்கில் போட்டுப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது. எங்கள் வீட்டு ஏஜென்ட் கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய ஒன்பது வாரம் எடுத்தார்.

லோகன்_அக்கா:

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு நாளை ஒரு பகல்தான் இருக்கிறது.

தம்பி, முதலில் பணம். குயின்ஸ்லாந்தில் லைசென்ஸ் உள்ள யார்டில் பழைய வண்டி வாங்கினால், மனம் மாற ஒரு வேலை நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. ஏலத்தில் எடுத்தாலோ தனியாரிடம் வாங்கினாலோ கிடையாது. நீங்கள் இன்று மாலை கையெழுத்துப் போட்டிருந்தால் நாளையோடு அது முடிகிறது. வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். டெபாசிட்டில் அவர்கள் அதிகபட்சம் 100 டாலர்தான் பிடிக்கலாம், மீதி 900 திரும்ப வர வேண்டும். முக்கியமாக, "வண்டியை இன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்" என்றால் சாவியைத் தொடாதீர்கள். எடுத்து வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

இன்னொன்று. பத்து வருடத்துக்குள், 1,60,000 கிலோமீட்டருக்குள் இருந்தால் யார்டு வண்டிக்கு 3 மாதம் அல்லது 5000 கிலோமீட்டர் சட்ட உத்தரவாதம் உண்டு. நீங்கள் பார்த்த வண்டி இரண்டையும் தாண்டிவிட்டது, அதற்கு 1 மாதம் அல்லது 1000 கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகு ஒரு கியர்பாக்ஸ் போனால் உங்கள் தலையில்தான்.

இப்போது படகு. இவ்வளவு பேர் பேசிவிட்டோம், அதன் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போய் டிரெய்லரின் முன்பக்கக் கம்பியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைப் பாருங்கள். ஏடிஎம் என்று ஓர் எண் இருக்கும். படகு, மோட்டார், பெட்ரோல், நங்கூரம் எல்லாம் ஏற்றிய டிரெய்லர் அதிகபட்சம் அவ்வளவுதான் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

புதிதாய்_வந்தவன்:

அக்கா, பார்த்தேன். தகட்டில் துரு, விரலால் துடைத்துத்தான் படித்தேன். ஏடிஎம் 749 என்று இருக்கிறது. அலுமினியப் படகு, 4.2 மீட்டர், 30 குதிரைத்திறன் மோட்டார்.

லோகன்_அக்கா:

அதுதான் தம்பி, இங்கே டின்னி என்பார்கள். 749 கிலோவுக்கு 3500 கிலோ வண்டி எதற்கு? 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக்கே கட்டாயமில்லை. டிமேக்ஸ், பிராடோ, உங்கள் 200 எல்லாவற்றுக்கும் பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் ஒரே அளவு, 750தான். ஆனால் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். படகை முழுக்க ஏற்றி ஒரு தடவை எடை மேடையில் நிறுத்துங்கள். பெட்ரோல், ஐஸ், பேட்டரி சேர்ந்தால் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

3500 என்ற எண் எல்லோரையும் மயக்குகிறது. வண்டிக்குள் ஆளும் சாமானும் எத்தனை கிலோ ஏறலாம் என்பதுதான் முதலில் தீர்ந்துபோகும். ஒரு வண்டி 600 கிலோ தாங்கும் என்று வையுங்கள். ஐந்து பேர் 350, முன்னால் புல்பார் என்ற காப்புக் கம்பி 60, ஃபிரிட்ஜும் தண்ணீரும் கருவிகளும் 100. மிச்சம் 90. டிரெய்லர் முன்பக்கம் கொக்கியில் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும், சுமார் பத்தில் ஒரு பங்கு. உங்கள் படகுக்கு 75 கிலோ, தாங்கும். 2500 கிலோ கேரவன் என்றால் 250, அப்போதே வண்டி அளவை மீறிவிடும்.

அப்புறம், படகு இழுப்பதும் மணலில் ஓட்டுவதும் இரண்டு வேறு வேலை. பிரிஸ்பேன் பக்கத்து மோர்ட்டன் குடாவில் படகை இறக்க கான்கிரீட் சரிவுகள் இருக்கின்றன, அதற்கு ஃபோர் வீலே தேவையில்லை. மணலில் ஓட்டிப் போய் மீன்பிடிக்கும் நாளில் படகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மணலுக்கு வேண்டியது தரை உயரமும் லோ ரேஞ்சும். 2009க்குப் பின் வந்த பிராடோ 150, பஜேரோ, பஜேரோ ஸ்போர்ட், எம்யூஎக்ஸ் எதுவும் போதும், ஃபோர் வீல் வகையாகப் பார்த்து எடுங்கள். மகளின் சீட்டுக்கும் யூட்டைவிட இவை வசதி. டீசல் வாங்குவதானால் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் வேலை, ஐந்து கிலோமீட்டர் வீடு என்றால் புகைக் குழாயில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் ஓட விட வேண்டும்.

யாழ்_அண்ணை:

தங்கச்சி சொல்வது சரி. நானும் எடையைக் கேட்காமல் யூட் கதை கதைத்துவிட்டேன். தம்பி, எந்த வாகனம் என்றாலும் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் பாரும். 2 டாலர்தான். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்துக்கட்டிய வாகனமா என்று இரண்டும் தெரியும். காசு கொடுக்கும் அன்றைக்கே பாரும், போன வாரம் பார்த்தது செல்லாது. நான் அந்த 2 டாலரைச் செலவழித்திருந்தால் அந்த வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

பெர்த்_கிழங்கான்:

நானும் அவசரப்பட்டு எடு என்று சொல்லிவிட்டேன், தம்பி. வாங்கும் முன் வண்டிக்கு அடியில் கட்டாயம் படுத்துப் பாருங்கள். கடற்கரை வண்டி என்றால் சேஸிஸ் குழிவுகளில் மணல் காய்ந்து கிடக்கும். பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், டிரெய்லர் மாட்டும் டோ பாரின் மேல்பக்கம், ஸ்பேர் டயருக்கு மேலே என மூன்றையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். கிண்ணென்று சத்தம் வந்தால் நல்லது. பொத்தென்று உதிர்ந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

புதிதாய்_வந்தவன்:

காலை 9 மணிக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்தேன், மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் 900 டாலர் திருப்பி அனுப்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பிராடோ பார்க்கப் போகிறோம், தனியார் விற்பனை. வேறு என்ன கேட்க வேண்டும்? மணலில் முதலில் எங்கே போவது?

லோகன்_அக்கா:

தனியார் என்றால் மனம் மாறும் அவகாசமும் இல்லை, சட்ட உத்தரவாதமும் இல்லை. அதனால் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சேஃப்டி சர்டிஃபிகேட் விற்பவர்தான் எடுத்துத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 14 நாளுக்குள் ரெஜோவை (வண்டிப் பதிவை) உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். படகு, டிரெய்லர் இரண்டுக்கும் தனித்தனி ரெஜோ உண்டு, அதையும் மாற்ற வேண்டும். 30 குதிரைத்திறன் மோட்டாருக்குப் படகு ஓட்டும் லைசென்ஸும் தேவை. கடலில் தூண்டில் போட மட்டும் இங்கே லைசென்ஸ் இல்லை. டெய்லர் மீன் 35 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். சேற்று நண்டில் பெண் நண்டு எவ்வளவு பெரியதானாலும் எடுக்கக் கூடாது, ஆணும் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். குழம்பு ஆசையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மணலுக்கு முதலில் பிரைபி தீவு போங்கள், பாலத்திலேயே போய்விடலாம். பெர்மிட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டுத்தான் மணலில் இறங்க வேண்டும். டீவா கடற்கரை, கெகாரி (முன்பு ஃபிரேசர் தீவு) எல்லாம் பிறகு பார்க்கலாம். கெகாரிக்குப் படகு ஏறும் இன்ஸ்கிப் முனையின் இளகிய மணலில் பழகியவர்களே புதைந்திருக்கிறார்கள். மணலில் கால் வைக்கும் முன் டயரை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், தார் ரோடு ஏறும் முன் மறுபடி ஏற்றுங்கள். கடல் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கடற்கரையில் ஓட்டாதீர்கள். புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். நிறுத்தி, மண்வாரியால் தோண்டி, சக்கரத்தடியில் ரிகவரி போர்டு என்ற பலகையை வையுங்கள். யாராவது உதவிக்கு வந்து டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) கயிறு மாட்டினால் விடாதீர்கள். அந்த உருண்டை தெறித்துப் பறந்து ஆள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் அதற்கென்றே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

வீடு திரும்பியதும் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், டிரெய்லர் சக்கரங்களையும் சேர்த்து.

புதிதாய்_வந்தவன்:

நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. பிராடோ சரியாக அமைந்தால் சனிக்கிழமை பிரைபி போகலாம் என்று இருக்கிறோம். டயருக்குக் காற்று ஏற்ற கம்ப்ரஸர் என்னிடம் இல்லை.

லோகன்_அக்கா:

என்னிடம் இரண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஒன்றை எடுத்துப் போங்கள், மண்வாரியும் தருகிறேன். மனைவியையும் மகளையும் கூட்டி வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.