பிலிப்பைன்ஸ் வாரிசு அரசியல் தடை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வாரிசு அரசியல் தடைச் சட்டங்கள் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பு அரசியல் வம்சங்களைத் தடை செய்யச் சொல்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கும்படி' என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய அவையில் நிறைந்திருப்பதே அந்தக் குடும்பங்கள்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது?

அங்கே ஊர்தோறும் இளைஞர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் 2016இல் தடை வந்தது. அப்பா, அண்ணன், தாத்தா, மாமனார், மச்சான் என்று யாராவது அதே ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருந்தால் போட்டியிட முடியாது.

இந்த விதியால் யாருடைய வேட்புமனுவாவது தள்ளுபடியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறதா? தீர்ப்பின் பெயர் கிடைத்தாலே போதும். அமெரிக்காவின் 1967 சட்டம் வேண்டாம். அது உறவினரை வேலைக்கு நியமிப்பதைத்தான் தடுக்கிறது, தேர்தலை அல்ல.