குடும்பக் குழு: கதிருக்கு யூரினில் புரோட்டீன்

சுமதி சித்தி: கதிரின் ரிப்போர்ட் வந்துவிட்டது. யூரினில் புரோட்டீன் டூ ப்ளஸ். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட், கிரியாட்டினின், நார்மல். பிபி கொஞ்சம் கூட. 16 வயதில் பிபியா? 😔

ராமு பெரியப்பா: பிறவியிலேயே ஒரு கிட்னிதான் என்பது தெரியும். இது என்ன புதிதாக இன்னொரு வியாதி?

வித்யா: இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் பெரியப்பா. கிட்னிக்குள் குளோமெருலஸ் என்று பொடிப்பொடியாக வடிகட்டிகள் உண்டு, ஒரு கிட்னியில் சராசரியாக 10 லட்சம். குழந்தை கருவில் இருக்கும்போதே, சுமார் 36 வாரத்தில், அவை உருவாவது முடிந்துவிடும். பிறகு புதிதாக வராது. ஒரே கிட்னி என்றால் இருப்பவை இரண்டு ஷிப்ட் பார்க்கும். பல வருடம் அப்படி ஓடினால் சிலவற்றில் தழும்பு விழும், புரோட்டீன் கசியும். இப்படித் தழும்பு விழுவதைத்தான் எஃப்எஸ்ஜிஎஸ் என்பார்கள்.

ராமு பெரியப்பா: என் நண்பர் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்துவிட்டு 70 வயதிலும் ஜம்மென்று நடக்கிறாரே?

வித்யா: அவர் இரண்டு நல்ல கிட்னியோடு வளர்ந்தவர். எல்லா டெஸ்ட்டும் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். பிறவியிலேயே ஒன்று உருவாகாதவர்களில் சிலருக்கு மற்றதிலும் வடிகட்டிகள் குறைவாக இருக்கும்.

சுமதி சித்தி: முகம், கால் எதுவும் வீங்கவில்லையே?

வித்யா: இந்த வகையில் பெரும்பாலும் வீங்காது சித்தி, அதனால்தான் வருடா வருடம் யூரினும் பிபியும் பார்க்கச் சொல்வது. ஆனால் இதுவேதான் காரணம் என்று நானே முடிவு கட்ட மாட்டேன். தொடர்பே இல்லாத வேறு குளோமெருலஸ் நோயும் வரலாம். பாக்ஸ்2 என்ற ஜீனில் கோளாறு இருந்தால் கிட்னி சரியாக உருவாகாமல் போவதும் உண்டு, பின்னால் எஃப்எஸ்ஜிஎஸ் வருவதும் உண்டு. அதில் கண்ணும் பாதிக்கப்படலாம். பயாப்ஸி, ஜீன் டெஸ்ட் வேண்டுமா என்பதை கிட்னி டாக்டர், அதாவது நெஃப்ராலஜிஸ்ட், சொல்லட்டும்.

மல்லிகா அத்தை: *Forwarded* தினமும் இளநீர், வாழைத்தண்டு சாறு குடித்தால் கிட்னி புதிதாகும் 🙏

வித்யா: அத்தை, வேண்டாம் 🙏 புரோட்டீனைக் குறைக்க ராமிப்ரில் மாதிரி மாத்திரை கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். இளநீரில் அது நிறைய. டாக்டரைக் கேட்காமல் எதுவும் ஆரம்பிக்காதீர்கள்.

கதிர்: அக்கா, கபடி?

வித்யா: டாக்டரிடம் கேள்டா. அடிபட்டால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மட்டும் போடாதே. உப்பைக் குறை, அந்த சிப்ஸ் பாக்கெட்டும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கதிர்: 😑

சுமதி சித்தி: வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியாயிற்று. குழந்தையாக இருந்தபோது எடுத்த ஸ்கேன் வேண்டுமா?

வித்யா: கட்டாயம் சித்தி. காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரினையும் எடுத்துப் போங்கள்.