15 வயதில் இன்னும் உடம்பு போடாத ரக்பி லீக் பையன்: எப்படி வளர்த்தெடுப்பது?

கேள்வி: கிரப்பர்கிக்

சிட்னி ஜூனியர் லீக், 16 வயதுக்குட்பட்டோர் அணி. பையனுக்குப் பதினைந்தரை வயது. உயரம் 163 செ.மீ., எடை 52 கிலோ. அப்பா 183 செ.மீ., அம்மா 169. பாஸ், கிக், ஆட்டத்தை முன்கூட்டியே படிப்பது எல்லாவற்றிலும் அணியிலேயே அவன்தான் முதல். ஆனால் எதிரே ஓடி வரும் ப்ராப்களில் (முன்வரிசையில் மோதும் பெரிய உடம்புக்காரர்கள்) சிலர் 95 கிலோ. அடுத்த சீசனில் ஹெரால்ட் மேத்யூஸ் என்ற இளையோர் போட்டிக்கான அணித் தேர்வு இருக்கிறது. எடைப் பயிற்சியை இப்போதே கடுமையாக்கலாமா? விங்கில் (மைதான ஓரத்தில்) நிறுத்திப் பாதுகாக்கலாமா? தேர்வாகாவிட்டால் அத்தோடு கதை முடிந்ததா?

பதில் 1: அளவுநாடா

நண்பரே, அவன் குள்ளமான பையனா, பிந்தி வளரும் பையனா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

ஒரு கச்சாக் கணக்கு: அப்பா உயரம், அம்மா உயரம், அதோடு 13, மொத்தத்தை இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் பையனுக்கு 182.5 செ.மீ. வருகிறது. இதில் ஏறத்தாழ 8 செ.மீ. கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. இருந்தாலும் 163 என்பது அதில் 89 சதவீதம்தான். பையன்களின் வளர்ச்சி வேகம் உச்சம் தொடுவது சராசரியாக 14 வயதையொட்டி. அப்போது இறுதி உயரத்தில் 90 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருப்பார்கள். இவன் இன்னும் அந்தக் கட்டத்தின் வாசலில் நிற்கிறான். எதிரே நிற்கும் 95 கிலோ பையன் 99 சதவீதத்தில் இருக்கலாம். பிறந்த ஆண்டு ஒன்றென்றாலும் உடல் வயதில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் காமிஸ்-ரோச் முறை இருக்கிறது. அதற்குப் பையனின் இப்போதைய வயது, உயரம், எடை, பெற்றோரின் சராசரி உயரம் போதும். 14 வயது கடந்தும் பருவமடையும் அறிகுறி எதுவும் தெரியாமல் இருந்திருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் எடுங்கள்: வெறுங்காலில், அதே நேரத்தில் (காலையைவிட மாலையில் ஏறக்குறைய 1 செ.மீ. குறையும்), இரண்டு தடவை அளந்து சராசரி. மாதாமாதம் அளந்து கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். அரை செ.மீ. பிழைகூட ஆண்டுக் கணக்கில் 6 செ.மீ. ஆகிவிடும். மூன்று மாதத்தில் 2 செ.மீ. கூடினால் ஆண்டுக்கு 8 செ.மீ. வேகம், வளர்ச்சிப் பாய்ச்சல் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எடைப் பயிற்சி வேண்டும், ஆனால் சதை ஏற்றுவதற்காக அல்ல. இந்தக் கட்டத்தில் பலம் கூடுவது நரம்பு-தசை ஒருங்கிணைப்பால்தான். தசை பருமனாவதற்குத் தேவையான ஹார்மோன் இன்னும் போதுமான அளவு வரவில்லை. வாரம் இரண்டு நாள், 40 நிமிடம்: ஸ்குவாட், இடுப்பை மடக்கித் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், ஒற்றைக் கால் பயிற்சி, வயிறு-முதுகு உறுதி, நான்கு திசையிலும் கழுத்துப் பயிற்சி. வடிவம் கெடாமல் முடித்தால் மட்டும் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள்.

பாய்ச்சல் வரும்போது கால் நீளும், பையன் தடுமாறுவான், ஓட்டம் மந்தமாகும். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி வலித்தால் தாவுதலையும் வேக ஓட்டத்தையும் குறையுங்கள், பலப் பயிற்சியை விடாதீர்கள். இங்கே ஒரு கொடுமை உண்டு: பயிற்சிச் சுமை நாட்காட்டி வயதை வைத்துத்தான் ஏற்றப்படுகிறது. மற்றவர்கள் வளர்ந்து முடித்த பிறகு தேர்வு அணியின் கடும் பயிற்சிக்குள் போகிறார்கள். இவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். பள்ளி, கிளப், தேர்வு அணி மூன்றிலும் வாரத்துக்கு எத்தனை மோதல் பயிற்சி என்று ஒருவராவது கூட்டிப் பார்க்க வேண்டும்.

உச்சம் கடந்து ஆறு மாதம், ஓராண்டு கழித்துத்தான் எடை ஏறும் காலம். அப்போது புரதம் நாளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை, சாப்பாட்டிலிருந்தே. மாதம் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்ற அவசரப்பட்டால் பெரும்பாலும் கொழுப்புதான் சேரும், கால் வேகமும் போய்விடும்.

பதில் 2: மார்க்கர்இரண்டு

விங் வேண்டவே வேண்டாம். பந்தே வராத இடத்தில் நிறுத்தினால் அவனிடம் இருக்கும் ஒரே சொத்தும் துருப்பிடிக்கும். ஹாஃப்பிலும் (ஆட்டத்தை நடத்துபவர்) டம்மி ஹாஃபிலும் (டாக்கிளுக்குப் பின் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) மாற்றி மாற்றி ஆடட்டும். சில ஆட்டங்களில் லாக் (13-ஆம் எண் முன்வரிசை ஆட்டக்காரர்) இடத்திலும் 15 நிமிடம் கொடுங்கள். இவன் 183 செ.மீ., 95 கிலோ ஆகி நிற்கும்போது எங்கே ஆடுவான் என்று இன்று யாருக்கும் தெரியாது. எதிரணியின் தடுப்புக் கோட்டருகே நின்று பந்தைக் கைமாற்றத் தெரிந்த 13-ஆம் எண் ஆட்டக்காரரைத்தான் இன்று எல்லா கிளப்பும் தேடுகிறது.

டாக்கிளை (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவதை) சொல்லிக்கொடுக்காமல் மறைத்து வைப்பதுதான் பெரிய தவறு. சின்னப் பையன்கள் பயத்தில் மேலே கையை நீட்டி ஜெர்சியைப் பிடிப்பார்கள்; அப்படியே தூக்கி எறியப்படுவார்கள், தோளும் பிசகும். முதலில் முழங்காலிட்டு, பிறகு நின்று, பிறகு நடந்து, கடைசியில் அரை வேகத்தில் என்று படிப்படியாக ஏற்றுங்கள். எதிராளிக்கு அருகில் கால் பதிய வேண்டும், அதே பக்கத் தோளால் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே அடிக்க வேண்டும், தலை எதிராளியின் உடம்புக்குப் பின்பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும், பிடித்த பிறகும் கால் ஓட வேண்டும். தலை முன்பக்கம் போனால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். கால் எட்டாத தூரத்திலிருந்து பாய்ந்தால் தலை தானாகவே முன்னால் போய்விடும், காரணம் பெரும்பாலும் அதுதான்.

பயிற்சியில் வாரம் ஒருமுறையாவது வயதைப் பார்க்காமல் உடல் முதிர்ச்சியைப் பார்த்துக் குழு பிரியுங்கள். ஒத்த உடம்புக்காரர்களோடு ஆடும்போதுதான் அவன் ஆளை உடைத்துக்கொண்டு ஓடிப் பழகுவான். ஆனால் வயது குறைந்த அணிக்கு நிரந்தரமாக இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடுவதால்தான் அவனுக்கு அந்த ஆட்ட அறிவே வந்தது.

கிரப்பர்கிக்

மிக்க நன்றி. தேர்வு பற்றி யாராவது சொல்ல முடியுமா? 10 மீட்டர் ஓட்டத்தில் அவன் அந்த ப்ராப்களைவிட வேகம்தான், ஆனாலும் "மோதல் சோதனை"யில் கழித்துவிடுவார்கள் என்கிறார்கள்.

பதில் 3: ரிசர்வ்கிரேட்

எடையை வேகத்தால் பெருக்கும் உந்தக் கணக்கு அது. 52 கிலோ, விநாடிக்கு 5.8 மீட்டர் என்றால் 302. 95 கிலோ, 5.5 மீட்டர் என்றால் 523. இந்த இடைவெளி சொல்வது பெரும்பாலும் எவன் முன்னால் வளர்ந்தான் என்பதை மட்டும்தான். நல்ல தேர்வாளர் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வளர்ச்சிச் சதவீதத்தை எழுதி, ஓராண்டு மாற்றத்தைப் பார்ப்பார். உங்கள் மூன்று மாத அளவீடுகளைத் தாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பலரிடம் அந்தத் தகவலே இருக்காது.

கழித்தாலும் பாதை மூடாது. ஹெரால்ட் மேத்யூஸ் 17 வயதுக்குட்பட்டோருக்கு, எஸ்ஜி பால் 19, ஜெர்சி ஃப்ளெக் 21. அதற்கு மேல் வயது வரம்பில்லாத நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கோப்பை. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஆள் எடுக்கிறார்கள். முன்பு 16, 18 என்றிருந்த வரம்பு ஓராண்டு தள்ளிப்போனது பிந்தி வளர்பவர்களுக்குப் பெரிய உதவி. 2008 முதல் 2017 வரை நடந்த தேசிய இளையோர் போட்டி 20 வயதோடு நின்றது. அதில் இடம் பிடிக்காத பையனை அதன்பிறகு திரும்பிப் பார்க்க ஆள் குறைவு. இங்கிலாந்திலும் இதே சிக்கல்தான்: கிளப்புகளின் இளையோர் அகாடமி 18-இல் முடிகிறது, ரிசர்வ் (இரண்டாம் அணி) போட்டி சரியாக நடக்காத ஆண்டுகளில் இன்னும் வளர்ந்து முடிக்காதவர்கள் ஆட இடமின்றிப் போனார்கள். இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப் அணிக்குக் கடனாக அனுப்புவது ஓரளவு ஈடுகட்டுகிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று முழு ஆட்டமாவது கிடைத்தால்.

நிக்கோ ஹைன்ஸ் 22 வயது கடந்த பிறகுதான் 2019-இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலை லீக்கான என்ஆர்எல்லில் கால் வைத்தார். அதற்கு முன் குயின்ஸ்லாந்து கோப்பையில் சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸ். 2022-இல் என்ஆர்எல்லின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் விருது. அவர் உடலளவில் பிந்தி வளர்ந்தவர் என்று நான் சொல்லவில்லை; மாநிலக் கோப்பை வழியாகவும் மேலே போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தேர்வாகாவிட்டால் செய்ய வேண்டியவை: அதே கிளப்பில் வாரம் தவறாமல் ஆட வையுங்கள், தேர்வு அணியின் பெஞ்சில் பத்து நிமிடம் ஆடுவதைவிட அது மேல். தேர்வாளரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 19, 20 வயதில் எடை ஏறியதும் மாநிலக் கோப்பை அணியின் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கவனத்தில் பட்டால் என்ஆர்எல் கிளப்புகளின் 'ட்ரெயின் அண்ட் ட்ரயல்' (பயிற்சியில் சேர்த்துச் சோதித்துப் பார்க்கும்) ஒப்பந்தம் கிடைக்கலாம். நவம்பரில் கூப்பிடுவார்கள். உடல்தகுதியோடு போக வேண்டும் என்பதால் செப்டம்பரிலேயே ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள்.