சாரிசார்ட் டெக் ஓடவே மாட்டேன் என்கிறது: எதை எடுப்பது, எதை வைப்பது?

கித்தாக்காட்டுப் பையன் (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இங்கே சனிக்கிழமை சாயங்காலம் மாமாக் கடை ஓரத்து மேசையில் போகிமான் கார்டு ஆடும் சின்னக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பாதிப் பேர் தோட்டத்துப் பையன்கள், மீதி டவுனில் படிக்கிறவர்கள். எங்களுக்குள் ஆடும்போது நான் பரவாயில்லை, அப்பப்போ ஜெயிப்பேன். ஆனால் ஈப்போவில் கார்டு கடைப் போட்டிக்குப் போய் உட்கார்ந்தால் ஆட்டம் சூடு பிடிக்கும் முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். எதிராளி இரண்டாவது டர்னில் அடிக்க ஆரம்பிக்கிறார், நான் கையில் மின்சார எனர்ஜியை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு "பாஸ்" சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் டெக், அதாவது ஆடக் கொண்டு போகும் 60 கார்டுக் கட்டு, இதுதான். சார்மாண்டர் 3, சார்மீலியன் 2, சாரிசார்ட் ஈஎக்ஸ் 4 (ஆப்சிடியன் ஃபிளேம்ஸ் செட்டில் வந்தது), பிட்ஜி 1, பிட்ஜியோட்டோ 1, பிட்ஜியட் ஈஎக்ஸ் 1, மிராய்டன் ஈஎக்ஸ் 2, பிக்காச்சு 2. சப்போர்ட்டரில் புரொஃபஸர்ஸ் ரிசர்ச் 2, பாஸஸ் ஆர்டர்ஸ் 4, ஐயோனோ 2. அல்ட்ரா பால் 4, நெஸ்ட் பால் 4, ரேர் கேண்டி 2, போஷன் 4, ஸ்விட்ச் 4. எனர்ஜி நெருப்பு 10, மின்சாரம் 8. மொத்தம் 60.

எல்லாமே நல்ல கார்டுதானே? சாரிசார்டுக்கு 330 ஹெச்பி (அவ்வளவு அடி தாங்கும்), மிராய்டன் 220 அடிக்கிறது. இன்னும் பலமான ஈஎக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகுமா? செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, மாசம் 100 ரிங்கிட்டுக்கு மேல் கார்டுக்கு ஒதுக்க முடியாது, அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல். எங்கள் மேசையில் மூலையில் ஜி எழுத்து உள்ள கார்டில் இருந்து அதற்குப் பிறகு வந்த எல்லா கார்டும் ஆடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஈப்போ வெள்ளைக்காப்பி

தம்பி, புது ஈஎக்ஸ் எதுவும் வாங்காதே, முதலில் மிராய்டனை வெளியே எடு. இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரே பந்தியில் இலை போட்ட மாதிரி இருக்கிறது உன் டெக், யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக வராது.

சாரிசார்ட் ஈஎக்ஸை எல்லோரும் ஆடியது அதன் 330 ஹெச்பிக்காக மட்டும் இல்லை. சார்மாண்டரில் இருந்து வளர்ந்து (எவால்வ் ஆகி) இறங்கும்போது டெக்கில் இருந்து 3 நெருப்பு எனர்ஜி வரை தேடி எடுத்து நம் போகிமானுக்கு மாட்டலாம், அதற்காகத்தான். கையால் ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிதான் மாட்ட முடியும் என்ற விதியை அது தாண்டிவிடுகிறது. அதனால்தான் அதற்கு எனர்ஜி குறைவாக வைத்தாலே போதும், வைத்ததும் கையில் வராமல் டெக்கிலேயே கிடப்பது இன்னும் நல்லது. மிராய்டனுக்கு அப்படி எந்த வசதியும் உன் டெக்கில் இல்லை. அதன் அபிலிட்டி (சிறப்புத் திறன்) மின்சார பேசிக் போகிமானை, அதாவது எவால்வ் ஆகாமல் நேராக இறக்கக்கூடியதை, மட்டும் தேடித் தரும், உன்னிடம் தேட இருப்பது பிக்காச்சுவும் இன்னொரு மிராய்டனும்தான். அது 220 அடிக்க மூன்று எனர்ஜி, அதாவது மூன்று டர்ன் கையால் மாட்ட வேண்டும். அடித்த பிறகு அடுத்த டர்ன் அதனால் அடிக்கவும் முடியாது. அதுவரை ஈப்போக்காரன் சும்மா இருப்பானா?

இப்போது கணக்கு. உன்னிடம் பேசிக் போகிமான் மொத்தம் 8. முதல் 7 கார்டில் ஒரு பேசிக்கூட வராமல் மறுபடி கலைக்க வேண்டிய வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம், ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். பேசிக் 12 இருந்தால் அது 19 சதவீதமாகிவிடும். இந்த டெக்கில் 12 வைக்க இடம் இருக்காது, 9 வைத்தாலும் 30 சதவீதம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த 8இல் 4 சாரிசார்டுக்கு எந்த உதவியும் செய்யாத மின்சாரக்காரர்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ரேர் கேண்டி 2 வைத்திருக்கிறாய். முதல் 10 கார்டுக்குள் ஒன்றாவது வர 31 சதவீதம். 4 வைத்தால் 53. அந்தக் கார்டு இல்லாமல் சாரிசார்ட் சார்மீலியன் வழியாக நடந்துதான் வர வேண்டும், ஒரு டர்ன் போய்விடும், அதனால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

பிட்ஜி 1, பிட்ஜியட் 1 என்பதும் ஆகாது. 60இல் 6 கார்டு பிரைஸுக்குப் போகிறது (ஆரம்பத்தில் கவிழ்த்து ஒதுக்கி வைத்து, எதிராளியின் போகிமானைச் சாய்க்கும்போது எடுப்பது), எனவே ஒற்றைக் கார்டு எதுவானாலும் பத்தில் ஒரு ஆட்டத்தில் பிரைஸில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டில் ஒன்றாவது மாட்டும் வாய்ப்பு 19 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் பிட்ஜியட்டை மறந்துவிட வேண்டியதுதான் (பிரைஸ் எடுக்கும்போது வந்தாலும் அதற்குள் வேளை கடந்திருக்கும்). டர்னுக்கு ஒரு முறை டெக்கில் இருந்து எந்தக் கார்டையும் தேடித் தரும் போகிமானை இப்படி அதிர்ஷ்டத்துக்கு விடக் கூடாது. பிட்ஜி 2, பிட்ஜியட் 2 ஆக்கு, பிட்ஜியோட்டோவை எடுத்துவிடு, கேண்டி போதும்.

எடுக்க வேண்டியவை: மிராய்டன், பிக்காச்சு, மின்சாரம் 8, போஷன் 4. போஷன் 30 டேமேஜ்தான் ஆற்றும், இப்போது அடிக்கிற அடிக்கு அது தைலம் தடவுவது. இதிலேயே 16 இடம் காலி. ஸ்விட்ச் 2 போதும், சாரிசார்ட் 3, சார்மீலியன் 1, நெருப்பு 7. பாஸஸ் ஆர்டர்ஸ் (எதிராளியின் பின்வரிசைப் போகிமானை முன்னால் இழுக்கும் சப்போர்ட்டர்) 4 வேண்டாம், ஒரு டர்னுக்கு ஒரு சப்போர்ட்டர்தான், முதல் கையில் இரண்டு பாஸஸ் ஆர்டர்ஸ் வந்தால் நீ எதை வைத்துக் கார்டு எடுப்பாய்?

உள்ளே வர வேண்டியதில் முதல் இடம் பட்டி பட்டி பஃபின் 4, 70 ஹெச்பி அல்லது அதற்குக் குறைந்த இரண்டு பேசிக்கை நேராக பெஞ்சில் (பின்வரிசையில்) இறக்கும், சார்மாண்டரும் பிட்ஜியும் ஒரே கார்டில். அடுத்தது ஆர்வென் என்ற சப்போர்ட்டர் 4, அது ஒரு ஐட்டம் கார்டும் ஒரு டூல் கார்டும் தேடித் தரும், பெரும்பாலும் கேண்டியைத் தேடுவாய். சார்மாண்டரை 4 ஆக்கு. மிச்ச இடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

நாலாம் லயத்து டீச்சர்

வெள்ளைக்காப்பி சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் தம்பி அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைச் சொல்கிறேன். கார்டை நன்றாகக் கலை, 7 எடு, 6 பிரைஸ் வை, எதிரில் யாரும் இல்லாமல் இரண்டு டர்ன் மட்டும் ஆடு. முதல் டர்ன் முடிவில் பெஞ்சில் சார்மாண்டரும் பிட்ஜியும் இருக்கிறார்களா? இரண்டாவது டர்னில் சாரிசார்ட் இறங்கியதா? இறங்கவில்லை என்றால் கையில் எந்தக் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது? அந்தப் பெயரை மட்டும் ஒரு நோட்டில் எழுது. அப்புறம் கலை, மறுபடி 7 எடு. ஷிஃப்ட் முடிந்து வந்து கொஞ்ச நேரம் இப்படிச் செய்தாலே நோட்டில் எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும், அதுதான் வெளியே போக வேண்டியது. ஆள் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இரண்டு விதத்திலும் செய்து பாருங்கள். முதலில் ஆடுகிறவர் அந்த முதல் டர்னில் சப்போர்ட்டர் போட முடியாது, அடிக்கவும் முடியாது, ஆகவே ஆர்வென் அப்போது உதவாது, அல்ட்ரா பாலும் நெஸ்ட் பாலும் பஃபினும்தான் துணை. இரண்டாவதாக ஆடும்போதுதான் ஆர்வென் உண்டு.

பணம் போடும் முன்னால் இன்னொன்று. இல்லாத கார்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி பழைய கார்டின் மேல் வைத்து ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) செருகிவிடுங்கள். அதிகாரப்பூர்வப் போட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் யார் கேட்கப் போகிறார்? போன் இருந்தால் போகிமான் டிசிஜி லைவ் இலவசம்தான், அதிலும் ஆடிப் பார்க்கலாம்.

கூலிம் டஸ்க்நோயர்

வெள்ளைக்காப்பி அண்ணன் வேண்டுமென்றே என் கார்டை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன் 😂

மிச்ச இடத்தில் டஸ்கல் 2, டஸ்க்ளாப்ஸ் 1, டஸ்க்நோயர் 1 போடு தம்பி. காரணம் இதுதான். சாரிசார்ட் அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். ஆட்ட ஆரம்பத்தில் வெறும் 180 தான், அது பெரிய ஈஎக்ஸ் எதையும் கொல்லாது. டஸ்க்ளாப்ஸ் தன்னையே அழித்துக்கொண்டு எதிராளியின் ஒரு போகிமான் மேல் 5 டேமேஜ் கவுண்டர் வைக்கும், அதாவது 50. அது செத்ததால் எதிராளிக்கு ஒரு பிரைஸ், உடனே சாரிசார்ட் அடி 210. 50 சேர்த்தால் 260. டஸ்க்நோயர் என்றால் 13 கவுண்டர், 130 சேர்ந்து 340. எதிரில் இன்னொரு சாரிசார்ட் முழு 330 ஹெச்பியோடு நின்றாலும் ஒரே டர்னில் விழும். பிரைஸைத் தூக்கிக் கொடுக்கிறோமே என்று பயப்படுகிறவர்கள் இந்த டெக்கை ஆடவே வேண்டாம்.

நெட்டில் கிடைக்கும் ஜெயித்த லிஸ்ட்டை அப்படியே 60க்கு 60 காப்பி அடி என்பதுதான் என் கட்சி. கொஞ்ச நாள் மாற்றாமல் ஆடு. ஏன் அந்த ஒற்றைக் கார்டு இருக்கிறது என்று ஆடும்போதுதான் புரியும், புரிந்த பிறகு கை வை.

ஈப்போ வெள்ளைக்காப்பி

அப்படியே காப்பி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, கூலிம். பெரிய போட்டி லிஸ்ட் அங்கே வரும் எதிராளிகளை மனதில் வைத்துக் கட்டியது. இவன் ஆடப் போவது மாமாக் கடை மேசையிலும் இங்கே கடையிலும். எலும்புக்கூட்டைக் காப்பி அடி, அதாவது எவல்யூஷன் வரிசை, கேண்டி, பஃபின், ஆர்வென், எனர்ஜி. மீதி ஐந்தாறு கார்டு உன் ஊர் ஆட்களைப் பார்த்துப் போட வேண்டியது. டஸ்க்நோயர் சரிதான், மறுக்கவில்லை.

கித்தாக்காட்டுப் பையன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி தாள் வைத்து ஆடிப் பார்த்தேன், டெக் பறக்கிறது லா! நோட்டில் அதிகம் வந்த பெயர் பாஸஸ் ஆர்டர்ஸ், நம்பவே முடியவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கள் மேசையில் ஒருவன் பச்சை ஓகர்பான் ஈஎக்ஸ் ஆடுகிறான், சாரிசார்டை ஒரே அடியில் சாய்க்கிறான், அதற்கு என்ன வழி? இரண்டு, கார்டு எப்படி வாங்குவது, பாக்கெட் உடைத்தால் வருமா? போன மாதம் ஒரு இணையக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன், பின்பக்க நீலம் ஒரு மாதிரி வெளிறி இருக்கிறது.

கூலிம் டஸ்க்நோயர்

அது போலி தம்பி. வேறு உண்மைக் கார்டோடு பக்கத்தில் வைத்து நிறம், எழுத்து, தடிமன் மூன்றையும் பார், போட்டிக்குக் கொண்டு போகாதே.

ஓகர்பான் கணக்கு சுலபம். அதன் அடி 30, இரண்டு பக்கமும் ஆக்டிவ் (முன்னால் நின்று ஆடும்) போகிமானில் இருக்கும் ஒவ்வொரு எனர்ஜிக்கும் 30 கூடும். சாரிசார்டுக்குப் புல் வகை பலவீனம், அந்த அடி இரட்டிப்பாகும். அதில் 3, உன்னிடம் 2 என்றால் 180, இரட்டித்தால் 360. நீ எப்படி எனர்ஜியைப் பிரித்தாலும் அடிக்கத் தயாரான சாரிசார்ட் பிழைக்காது, ஆகவே தற்காப்பு யோசிக்காதே, முந்திக்கொள். ஓகர்பானுக்கு 210 ஹெச்பி. அவன் ஒரே ஒரு பிரைஸ் எடுத்திருந்தாலும் உன் அடி சரியாக 210. அவன் எடுக்காமல் பதுங்கினால் டஸ்க்ளாப்ஸை வெடிக்க வை, காரியம் முடிந்தது. அப்புறம் அவன் பதிலுக்கு உன் சாரிசார்டைச் சாய்ப்பான், அதற்குள் பெஞ்சில் இரண்டாவது சார்மாண்டர் தயாராக இருக்க வேண்டும். செத்த போகிமானை மீட்டுத் தரும் சூப்பர் ராட் 1, நைட் ஸ்ட்ரெச்சர் 1 வைக்கச் சொல்வது அதற்காகத்தான். அவனுக்கு இரண்டு பிரைஸ் மிச்சம் இருக்கும்போது ஐயோனோ போட்டால் அவன் கை இரண்டு கார்டாகிவிடும், உனக்கோ பிட்ஜியட் இருக்கிறது, தேடிக்கொள்வாய்.

நாலாம் லயத்து டீச்சர்

பாக்கெட் வேண்டவே வேண்டாம், 100 ரிங்கிட் காற்றில் போய்விடும். சிங்கிள்ஸாக (தனித்தனிக் கார்டாக) வாங்குங்கள், அதிலும் முதலில் ஐட்டமும் சப்போர்ட்டரும், அவை வேறு டெக்குக்கும் ஆகும். சாதாரண அச்சு போதும், மினுமினுப்பு அச்சு ஆட்டத்தில் ஒரு வேலையும் கூடுதலாகச் செய்யாது. 2024இல் வந்த சாரிசார்ட் ஈஎக்ஸ் லீக் பேட்டில் டெக் எங்காவது பழைய ஸ்டாக்கில் நியாயமான விலைக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள், 60 கார்டும் ஆடத் தயாராக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மேசை விதி வேறு, ஸ்டாண்டர்ட் போட்டி வேறு. கார்டின் கீழே இடது மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள், ஸ்டாண்டர்டில் பழைய எழுத்துகளை அவ்வப்போது விலக்கிவிடுவார்கள். சாரிசார்டில் இருப்பது ஜி. பஃபின், டஸ்க்நோயரில் ஹெச். பழைய கார்டே புது செட்டில் மறுபடி வந்திருந்தால் பழைய அச்சையும் ஆடலாம், பேசிக் எனர்ஜிக்கு இந்தக் கவலையே இல்லை. ஈப்போ கடையில் எந்த விதி என்று கேட்டுக்கொண்டு பிறகு பணத்தை எடுங்கள்.

ஈப்போ வெள்ளைக்காப்பி

கடை முதலாளி தவுக்கேயிடம் நானே கேட்டுச் சொல்கிறேன். அடுத்த போட்டிக்கு வருகிறாய் என்றால் சொல், என்னிடம் பஃபின் இரண்டும் ரேர் கேண்டி இரண்டும் சும்மா கிடக்கிறது, எடுத்து வருகிறேன். ஸ்விட்ச் இரண்டு கொடு, கணக்கு தீர்ந்தது.