பிரெக்ஸிட் வாக்கெடுப்பு: நம்மைச் சுற்றி நடந்த வாக்குவாதங்கள் (பெங்களூரின் மூன்று பகுதிகளிலிருந்து மூவர் எழுதியது)

டொம்லூர்:

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா (ரிமெய்ன்), வெளியேறுவதா (லீவ்) என்று மக்களிடம் ஓட்டுக் கேட்ட 2016 ஜூனில் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். பிரிட்டனில் மின்சாரமும் கேஸும் விற்கிற ஒரு கம்பெனிக்காக வேலை. மதியம் ஒன்றரைக்கு ஷிப்ட் ஆரம்பம், அங்கே அப்போது காலை ஒன்பது. எங்கள் டீமுக்கு வருவதெல்லாம் ப்ரீபெய்டு மீட்டர் அழைப்புகள். அந்த வீடுகளுக்கு மாதாந்திர பில் கிடையாது. கடைக்குப் போய் ஒரு சாவியில் பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் கொஞ்சம் அவசரக் கடன் கிடைக்கும், அதுவும் தீர்ந்தால் கரண்ட் கட். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகிறபடி வைத்திருந்தவர்களைவிட அப்போது இவர்களுக்குச் செலவு கூடுதல். கையில் காசு இல்லாதவனுக்கு விலை அதிகம் என்பதை ஹெட்செட் மாட்டிக்கொண்டு தினமும் கேட்டேன்.

ஏன் பணம் போதவில்லை என்று நாங்கள் கேட்கக் கூடாது. ஆனால் அவர்களே சொல்வார்கள். 2010ல் பிரதமர் கேமரூனின் கூட்டணி ஆட்சி வந்ததிலிருந்து அரசு செலவில் வெட்டு மேல் வெட்டு. 2011 ஜனவரியில் வாட் வரி 17.5லிருந்து 20 சதவீதம் ஆனது. அரசு ஊழியர் சம்பளம் உறைந்தது. கவுன்சில்களுக்கு (உள்ளாட்சிகளுக்கு) லண்டனிலிருந்து வரும் பணம் குறையக் குறைய நூலகம் போனது, பஸ் போனது. 2016 ஏப்ரலிலிருந்து வேலை செய்யும் வயதினருக்கான பெரும்பாலான உதவித்தொகைகளும் நான்கு வருடத்துக்கு ஏறாது என்று நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 24 அன்று கேபில் வரும்போதே முடிவு தெரியும். லீவ் 51.9, ரிமெய்ன் 48.1. பவுண்டு 1985க்குப் பிறகு இல்லாத அளவுக்கு விழுந்திருந்தது. அரசியல் பேசக் கூடாது, வாடிக்கையாளர் ஆரம்பித்தாலும் பேச்சை மீட்டருக்குத் திருப்ப வேண்டும் என்று டீம் லீட் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வட இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். கணக்கு மகன் பெயரில். மகன் போனை வாங்கி, பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் சொல்லி, "அப்பா பேசட்டும்" என்று அனுமதி கொடுத்த பிறகு அவரிடம் பேசினேன். சாவியை மீட்டர் ஏற்கவில்லை. எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடச் சொன்னேன், அப்போதும் இல்லை. புதுச் சாவிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் பேச ஆரம்பித்தார்.

மகன் மனைவியைப் பிரிந்தவன். கவுன்சில் வீடு, இரண்டு படுக்கையறை. இரண்டாவது அறை சனி ஞாயிறு வரும் பேத்திக்கு. 2013 ஏப்ரலில் வந்த விதிப்படி அது 'உபரி அறை', அதனால் வாடகை உதவியில் 14 சதவீதம் பிடித்தம். ஊரே 'பெட்ரூம் டாக்ஸ்' என்று திட்டிய விதி அது. "பேத்தி எங்கே படுக்கணும், குளியல் தொட்டியிலா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்?

அப்புறம் தான் லீவுக்குப் போட்டதாகச் சொன்னார். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன், லீவ் ஜெயித்தால் 30 பில்லியன் பவுண்டு அளவுக்கு வரியை ஏற்றி, செலவை வெட்டி அவசர பட்ஜெட் போட வேண்டிவரும் என்று எச்சரித்திருந்தார். பெரியவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷமாக வெட்டினவன், இன்னும் வெட்டுவேன் என்று என்னையே மிரட்டுகிறான். வெட்ட இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?" அந்த அழைப்பு முழுக்க ஐரோப்பா பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இடைவேளையில் கேன்டீனில் இதைச் சொன்னேன். டீம் லீட் (திருச்சிக்காரர், நல்ல மனிதர்) கோபப்பட்டார். "சண்டர்லாண்டில்தான் நிசான் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்கிற கார் ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அதே ஊர் 61 சதவீதம் லீவ் என்றால் படித்துப் பார்க்காமல் போட்ட ஓட்டு" என்றார். அவருக்கு அந்த ஊர் ஒரு சதவீதக் கணக்கு. எனக்கு அப்படி இல்லை. ஐரோப்பாவில் இருப்பதா வேண்டாமா என்று கேட்ட சீட்டில் அந்த மனிதர் அரசின் வெட்டுகளுக்கு, அதாவது சிக்கன நடவடிக்கைக்குப் பதில் எழுதினார் என்று அன்றே சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். வேறு எந்தத் தேர்தலிலும் அவருடைய ஓட்டு அவ்வளவு தூரம் போனதில்லை.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

கோரமங்களா:

அக்கா, நான் அப்போது கம்பெனி அனுப்பி (ஆன்சைட்) லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: அந்த வாக்கெடுப்பில் எனக்கும் ஓட்டு இருந்தது! இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் அங்கே முறையாக வசித்தால் போடலாம். இருபது வருஷமாக அங்கேயே வாழ்ந்த போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ ஓட்டு இல்லை, வொர்க் விசாவில் போன எனக்கு உண்டு. நான் ரிமெய்னுக்குப் போட்டேன்.

நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், கடை வைத்திருந்தார். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் லீவ். அவருடைய மனைவி ரிமெய்ன். சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டையை டிவி விவாதத்தில்கூடப் பார்த்ததில்லை.

அண்ணையின் ஆத்திரம் இது: "நாங்கள் எத்தினை வருஷம் விசாவுக்காக ஹோம் ஆபீசுக்கு அலைஞ்சனாங்கள் தம்பி? அம்மாவைக் கூப்பிட ஏலாமப் போச்சு. இந்த ஐரோப்பாக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிப்போட்டு அடுத்த நாளே வேலைக்குப் போயினம்." எனக்கும் அது உறைத்தது. படிப்பு முடித்த மாணவர்கள் தங்கி வேலை தேடுகிற விசாவை 2012ல் மூடிவிட்டார்கள். 2016 ஏப்ரலிலிருந்து எங்களைப் போன்றவர்கள் நிரந்தரமாகத் தங்க வருடத்துக்கு 35,000 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டியிருந்தது (சில வேலைகளுக்கு விலக்கு). ஐரோப்பியர்களை நிறுத்தினால் நமக்குக் கதவு திறக்கும் என்று லீவ் பக்கம் நின்ற அமைச்சர் பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் பேசினார்கள், கறி உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்றுகூடப் பிரசாரம் நடந்தது. லண்டன் மொத்தத்தில் ரிமெய்ன் 60 சதவீதம், ஈஸ்ட் ஹாம் அடங்கிய எங்கள் நியூஹாமில் 53தான். குடியேறியவர்கள் நிறைந்த பகுதி அது. அண்ணை ஒருவர் மட்டும் இல்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அவருடைய மனைவி கவுன்சில் நடத்திய குழந்தைகள் மையத்தில் வேலை பார்த்தவர். நிதி குறைந்து மையத்தை மூடினார்கள், வேலை போனது. அவர் அண்ணையைக் கேட்ட கேள்வி: "என்ர வேலையை எடுத்தது போலந்துக்காரனோ? ஆஸ்பர்ன் எடுத்தவன். நீங்கள் ஆரோடை கோவிக்கிறியள்?" சொல்லிக்கொண்டே ரொட்டியை அவர் தட்டில் போட்டார். அண்ணை சாப்பிட்டார், ஆனால் ஓட்டை மாற்றவில்லை.

ஆக, ஒரே வீட்டில் ஒரே வெட்டு விழுந்தது. இருவரும் இரண்டு பக்கம் போனார்கள்.

அல்சூர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி:

அம்மா, தம்பி, இருவரும் எழுதியதை வாசித்தேன். அந்த வருஷம் அல்சூர் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற எங்கள் குழுவிலும் இதே சண்டை. திருவள்ளுவர் சிலை தாண்டும்போது ஆரம்பித்தால் தமிழ்ச் சங்கம் வரை ஓயாது. நான் அப்போதும் இப்போதும் உங்களோடு உடன்படவில்லை.

முதலில் சிக்கனம். 2009-10ல் பிரிட்டன் அரசின் பட்ஜெட் பற்றாக்குறை அந்த நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 10 சதவீதம். யார் ஆட்சிக்கு வந்திருந்தாலும் குறைத்துத்தான் ஆகவேண்டும். 1991ல் நம் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அடகாக அனுப்பியபோது நான் வங்கியில் இருந்தேன். கடன் கொடுப்பவன் கையை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். கிரீஸும் அதைப் பார்த்தது. 2015 ஜூலை 5ல் கடன்காரர்களின் நிபந்தனை வேண்டாம் என்று 61 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஏடிஎம்மில் நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்ற நிலை. எட்டே நாளில் அதே அரசு கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டது. மக்கள் வேண்டாம் என்று சொன்னதால் கடன் கரையவில்லை.

இரண்டாவது, உங்கள் கணக்கே இடிக்கிறது. முதியோர் ஓய்வூதியத் தொகையை அந்த அரசு வெட்டவே இல்லை. விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏற்றியது. பெட்ரூம் டாக்ஸும் ஓய்வூதிய வயதினருக்கு இல்லை. ஆனால் லார்டு ஆஷ்கிராஃப்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 60 சதவீதம் லீவ், 24 வயதுக்கு உட்பட்டவர்களில் 73 சதவீதம் ரிமெய்ன். கல்லூரிக் கட்டணம் 9,000 பவுண்டாக ஏறி அடிபட்டது இளைஞர்கள். வெட்டு விழுந்தவன் கோபத்தில் போட்டான் என்றால் இளைஞர்கள் அல்லவா லீவுக்குப் போட்டிருக்க வேண்டும்? அந்தப் பெரியவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைத் தாங்களே எழுத விரும்பினார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. அவர்கள் சொல்லாததை நாம் ஏன் அவர்கள் வாயில் திணிக்க வேண்டும்?

டொம்லூர்:

சார், நல்ல கேள்வி. யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன். என்னோடு பேசியவரும் ஓய்வூதியக்காரர்தான், அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பென்னிகூடக் குறையவில்லை. வெட்டு விழுந்தது அவர் மகனுக்கு. பஸ் நின்றது அவர் தெருவில். நம் வீட்டில் பையனுக்கு வேலை போனால், அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது, அவருக்கு என்ன கவலை என்று சொல்வோமா?

வயதைப் பார்த்தீர்கள், ஊரையும் பாருங்கள். வார்விக் பல்கலைக்கழகத்தின் திமோ ஃபெட்ஸர் 2019ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நலத்திட்ட வெட்டு எந்தப் பகுதிகளில் அதிகம் விழுந்ததோ, அங்கெல்லாம் வெட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய யுகிப் கட்சிக்கு ஆதரவு கூடியது என்று காட்டினார். சிக்கனம் இல்லாதிருந்தால் ரிமெய்ன் ஜெயித்திருக்கக்கூடும் என்பது அவருடைய முடிவு. ஆகவே இதை நான் ஒரு போன் அழைப்பை வைத்து மட்டும் சொல்லவில்லை.

பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. யாரிடமிருந்து குறைப்பது என்பது அரசு எடுத்த முடிவு. 2012ல் அதே ஆஸ்பர்ன் உயர் வருமானக்காரர்களின் வரியை 50லிருந்து 45 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார், 2013 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. பேத்தியின் அறைக்குப் பிடித்தம் தொடங்கியதும் அதே ஏப்ரல். எனக்கு இதில் சமாதானமே கிடையாது சார்.

தம்பி, அண்ணையின் மனைவி, அந்த அக்காவுக்கு அப்புறம் வேலை கிடைத்ததா? அண்ணை இப்போது என்ன சொல்கிறார்?

கோரமங்களா:

அக்காவுக்கு ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை. சம்பளம் பழையதைவிடக் குறைவு. அண்ணை இன்னும் லீவ்தான் சரி என்கிறார். தங்கை மகன் படிக்கப் போய், 2021ல் வந்த புது விசாவில் தங்கி வேலை பார்க்கிறானாம். "பாத்தியே, கதவு திறந்துது" என்று போனில் சொன்னார். அக்கா பின்னாலிருந்து போனைப் பிடுங்கினார். படிப்பு முடித்தவர்கள் வேலை தேடும் விசாவை 2012ல் மூடியது லண்டன் அரசு, திறந்ததும் லண்டன் அரசு, அதற்கு ஐரோப்பாவை விட்டு வெளியே வரத் தேவையே இல்லை என்றார். நம்மூர்க்காரர்களின் விசா விதிகள் எப்போதுமே பிரிட்டன் கையில்தான் இருந்தன. இதில் நான் அக்கா பக்கம்.