இறுகிப்போன போல்ட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். வாகனத் தொழினுட்ப மாணவர்களுக்கான கைநூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறது. பழைய பிக்கப்பின் முன்பக்கத்தில், லோவர் ஆர்ம் எனும், சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டும், அது நுழையும் ரப்பர் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலும் துருவால் ஒன்றாகிவிடும். நட் கழன்றுவரும். போல்ட்டைத் திருப்பினால் குழலும் கூடவே திரும்பும். ரப்பர் முறுகி, பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். கராஜில் இதை 'ஜேம்' என்கிறார்கள். கதவு திறக்காததும் ஜேம், கியர் விழாததும் ஜேம். என் முன்மொழிவு 'துருப்பூட்டு'. சில்லுகளை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்குத் 'தொங்கலமைப்பு' என்று போட்டாயிற்று. 'இடைநீக்கம்' வேண்டாம், அது வேலையிலிருந்து நிறுத்திவைப்பது.

பேராதனையிலிருந்து:
துருவால் ஆன பூட்டு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வலி மிகுந்தது சரி. பொருள்தான் இடிக்கிறது. கராஜில் 'கழட்டிப் பூட்டு' என்றால் திரும்ப மாட்டு என்று அர்த்தம். கைநூலில் 'பூட்டும் முறை' என்றே ஓர் அதிகாரம் வரும். அதே நூலில் கழற்ற முடியாத நிலைக்கும் பூட்டா? 'கறள்கட்டு' என்று வையுங்கள். கறள் என்றாலும் துருதான். கறள், கறை, கறு எல்லாம் ஓரடி. நிறத்தில் பிறந்த சொல். வடக்கில் இன்றும் 'கறள் பிடிச்சிட்டுது' என்றுதான் பேச்சு.

பண்டாரவளையிலிருந்து:
ஐயா, கறள் அழகான சொல்தான். ஆனால் இந்த மாணவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் வாயில் துருதான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், முன்பக்கத்தில் இறுக்கம் ஒன்றல்ல, இரண்டு. அதைப் பிரிக்காத சொல்லால் வேலை கெடும்.

முதலாவது, ஹட்டனிலிருந்து சொன்ன போல்ட். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். இருக்கும் சிறு இடைவெளியும் அடைபடும். குழலின் இரு முனையும் பிரேக்கட்டுக்குள் அழுந்தி நிற்பதால் எண்ணெய் உள்ளே போகாது. நட்டைத் தளர்த்திவிட்டு இரவு முழுக்க ஊறவைத்துப் பார்க்கலாம். அசையாவிட்டால், குழல் முனைக்கும் பிரேக்கட்டுக்கும் நடுவே மெல்லிய வாள் அலகை விட்டு இரு பக்கமும் அறுக்க வேண்டியதுதான். போல்ட், நட், புஷ் மூன்றும் புதிது. போல்ட்டில் சில்லின் கோணத்தைச் சரிசெய்யும் கேம் தட்டு இருந்தால் அறுக்குமுன் அதன் நிலையைக் கீறி அடையாளமிட வேண்டும். தீ காட்டினால் ரப்பர் எரியும். பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, போல் ஜொயின்ட், அதாவது ஆர்மையும் சில்லைத் தாங்கும் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு. அதன் தண்டு கூம்பிச் செல்வது. நட்டை இறுக்க இறுக்கக் கண்ணுக்குள், அதாவது அது நுழையும் துளைக்குள், ஆப்புப்போல அமரும். இதற்குத் துருவே தேவையில்லை, எண்ணெயாலும் பெரிய பலனில்லை. சுருள்வில்லுக்குப் பதில் முறுகித் தாங்கும் முறுக்குத்தண்டு உள்ள வண்டியாக இருந்தால் ஸ்டாண்டில் ஏற்றி, சரிசெய்யும் போல்ட்டின் வெளித்தெரியும் மரையை அளந்து குறித்து, முறுக்கை முதலில் தளர்த்த வேண்டும். பிறகு நட் கழலாமல் காக்கும் கொட்டர் பின்னை எடுத்து, நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவைக்க வேண்டும். கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்தால் கண் ஒரு கணம் நெளிந்து தண்டை விடும். மரை முனையில் அடித்தால் மரை நசுங்கும். கவட்டை ஆப்பைச் செருகினால் ரப்பர் உறை கிழியும்.

இரண்டுக்கும் 'ஜேம்' என்று கற்றவன் நல்ல போல் ஜொயின்ட்டைக் கெடுப்பான். காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்: துருவிறுக்கம், கூம்பிறுக்கம்.

நாவலப்பிட்டியிலிருந்து:
கூம்பிறுக்கம் மிக நன்று. கூம்பு தன்வினை, கூப்பு பிறவினை. கூம்பும் தாமரையும் கூப்பும் கையும் ஒரே வடிவம். சங்கப் பாடல்களில் பாய்மரமும் கூம்புதான். அதுவும் மேலே போகப் போகச் சிறுக்கும் மரம். இன்னொன்று: கூம்பு குற்றியலுகரம், ஆகவே உகரம் கெட்டது. துரு முற்றியலுகரம், வகர உடம்படுமெய் வந்தது. ஒன்றில் வகரம் இருக்க மற்றதில் ஏன் இல்லை என்று மாணவர் கேட்டால் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

நுவரெலியாவிலிருந்து:
பொறிமுறை வகுப்பில் உடம்படுமெய் எடுக்க நேரமில்லை. 'துரு இறுக்கம்' என்று பிரித்தே அச்சிடுங்கள். நட்டை 'இறுக்கு' என்பதோடு இது மோதும் என்ற என் தயக்கம் தீரவில்லை. இருந்தாலும் 'ஜேமை' விட மேல்.

ஹட்டனிலிருந்து:
ஐவரில் நால்வர் இறுக்கத்துக்கு உடன்பட்டதாகக் கொள்கிறேன். சேர்த்தே அச்சிடுகிறேன், முதல் தடவை மட்டும் 'ஜேம்' அடைப்புக்குள் வரும். புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கம் வண்டி சில்லுகளில் நின்றபிறகே என்ற வரியையும் சேர்க்கிறேன். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.

பேராதனையிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. அந்த அடைப்புக்குள் 'ஜேம்' நுழையலாம் என்றால் கறளுக்கும் இடம் கொடுங்கள். வடக்கே வன்னியிலும் இந்நூலைப் படிப்பார்கள்.